கடைசி ஏழு படங்கள்

சதாசிவத்துக்குப் பறவைப் பைத்தியம் பிடித்து அந்த மார்கழியோடு பதினாறு வருஷம் ஆகியிருந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர் வேலை. டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி வீடு. வாரத்தில் ஐந்து நாள் கோப்புகளுக்குள் தலையைக் கொடுப்பார். சனிக்கிழமை காய்கறி, ரேஷன், துணி இஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருடையது. பனி மூட்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓக்லா அணைக்கட்டுக்குப் போய், யமுனைக் கரையில் மற்ற ஏழு பேரோடு சேர்ந்துகொள்வார். அவர்கள் ஒரு சின்னக் கூட்டம். தலைவர் என்று யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் மோதி பாக்கிலிருந்து வரும் ஸ்ரீவத்ஸன் சொன்னால் அது முடிவு. ஒரு பறவையைப் பார்த்து அவர் "ஊஹூம்" என்றால், பார்த்தவர்கூடத் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவார்.

பதினாறு வருஷத்தில் சதாசிவம் நானூற்றுப் பன்னிரண்டு வகைப் பறவைகளைப் பார்த்து நோட்டில் எழுதியிருந்தார். கூட்டத்தில் அதுவே பெரிய எண்ணிக்கை. ஆனாலும் ஸ்ரீவத்ஸன் அவரிடம் பேசியதெல்லாம் "சதாசிவம், அந்தக் கேமரா ஸ்டாண்டைக் கொஞ்சம் தூக்கிண்டு வாங்கோ", "சதாசிவம், மணி என்ன?" என்ற அளவில்தான். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. ஸ்ரீவத்ஸன் யாரையும் பாராட்டுகிற மனிதர் இல்லை என்று தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தார்.

மகள் சுபிக்ஷா கல்யாணமாகிப் புனேவுக்குப் போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி மீனாக்ஷி சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாரேன்."

"எங்க?"

"நீங்க போற எடத்துக்குத்தான். வீட்ல ஒத்தைல உக்காந்து என்ன செய்ய?"

இரண்டு வாரம் குளிரில் நின்றால் தானே ஓடிவிடுவாள் என்று நினைத்தார். அவளுக்கு முழங்கால் வலி வேறு. மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர். நாள் முழுக்க நின்றே பழகிய கால் என்றாலும், ஐம்பது வயதில் அது தன் கணக்கைக் காட்டத் தொடங்கியிருந்தது.

அந்த முதல் நாளே அது நடந்தது. எல்லோரும் வரிசையாக நின்று தண்ணீர் ஓரத்துத் தாழைக்கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சதாசிவம் நாற்பத்தேழு என்று நோட்டில் எழுதிவிட்டார். மீனாக்ஷியிடம் பைனாகுலர்கூட இல்லை.

"அந்தக் கோழி ஏன் நொண்டுது?" என்றாள்.

"எது?"

"அந்த ஓரத்துல. மத்ததெல்லாம் மேய்ஞ்சுக்கிட்டு முன்னால போகுது. அது மட்டும் மூணு அடி வச்சிட்டு நிக்கி. எங்க கிளாஸ்ல ஷூ கடிச்சா பிள்ளைங்க இப்பிடித்தான் நிக்கும், சொல்லத் தெரியாது."

ஸ்ரீவத்ஸன் பைனாகுலரைத் திருப்பினார். கோழியின் காலில் மீன்பிடிக்கிற நைலான் நரம்பு சுற்றியிருந்தது. படகுக்காரரைக் கூப்பிட்டு, வலையைப் போட்டுப் பிடித்து, பிளேடால் நரம்பை அறுத்துவிட்டார்கள். கோழி தண்ணீரில் விழுந்தடித்து ஓடியது. கூட்டத்திலேயே இளையவளான மேதா, டெல்லியில் பிறந்து வளர்ந்து ஒரு டிவி கம்பெனியில் வேலை பார்க்கிறவள், "ஆன்ட்டி, கமால் கர் தியா! அசத்திட்டீங்க!" என்று மீனாக்ஷியைக் கட்டிக்கொண்டாள்.

சதாசிவம் நோட்டைப் பார்த்தார். நாற்பத்தேழு. நொண்டியையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவர் பேசவில்லை. மீனாக்ஷிக்கு அது வித்தியாசமாகப் படவுமில்லை. அவர் பஸ்ஸில் பேசுகிறவர் அல்ல. ஆனால் அவருக்கு உள்ளே ஏதோ ஒன்று சிறு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நான் எப்போதாவது இவள் சமையலுக்குள் கை வைத்தேனா? இவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பாடம் நடத்தினேனா?

அந்த முள் போகவில்லை. வாரா வாரம் ஆழமாக இறங்கியது. மீனாக்ஷிக்குப் பெயர்கள் தெரியாது. வாலாட்டிக்கும் நெட்டைக்காலிக்கும் வித்தியாசம் பத்து தடவை சொன்னாலும் மறந்துவிடுவாள். ஆனால் எந்தப் பறவை எதற்குப் பயப்படுகிறது, எது எதோடு சண்டை, எது இன்னும் கூட்டத்தோடு சேராத புதுசு என்று சொல்லிவிடுவாள். சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. கொஞ்ச நாளில் ஸ்ரீவத்ஸன், எதைப் பார்த்தாலும், "மேடம், உங்களுக்கு என்ன தோணறது?" என்று கேட்க ஆரம்பித்தார். பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கேள்வி சதாசிவத்தின் பக்கம் வந்ததில்லை.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் கூட்டம் குஜராத் கடற்கரைக்குப் புறப்பட்டது. ஜாம்நகர் பக்கத்தில் கடல் உள்வாங்கும்போது மைல் கணக்கில் சேறும் பாறையும் வெளியே வரும். அங்கே குளிர்காலத்தில் நண்டுதின்னி வரும். வெள்ளையும் கறுப்புமாக, கொக்குக்காலும் தடித்த கறுப்பு அலகுமாக, நண்டைத் தவிர வேறெதிலும் அவ்வளவு ஆசை வைக்காத பறவை. சதாசிவத்தின் நோட்டில் அது இல்லை. அரசு தரும் பயணச் சலுகையான எல்.டி.சி. போட்டார். எல்.டி.சி. என்றால் குடும்பத்துக்கும் உண்டு. மீனாக்ஷியை விட்டுவிட்டுப் போக எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

இரண்டு ரயில் மாறி, ஒரு ஜீப்பில் குலுங்கி, மறுநாள் விடிகாலையில் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கடல் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. அதுவரைக்கும் ஈரச் சேறு, பாசி, இடையிடையே தேங்கிய தண்ணீர். காற்றில் உப்பும் அழுகிய பாசியும் மணத்தன. சதாசிவம் தன் பெரிய லென்ஸை ஸ்டாண்டோடு தோளில் சாய்த்துக்கொண்டார். வருஷக்கணக்காகக் கனவு கண்டு வாங்கிய லென்ஸ் அது. பழைய கேமராவில் சின்ன லென்ஸைப் போட்டு மீனாக்ஷியிடம் கொடுத்தார்.

"இதுல ஏழு படம் மிச்சம் இருக்கு. ஓக்லாவுல எடுத்தது போக. சும்மா அமுக்கிட்டே இருக்காத."

"சரி."

முதல் பாறைத் திட்டு வரைக்கும்தான் அவளால் நடக்க முடிந்தது. முழங்கால் சேற்றுக்குள் இறங்கி ஏறி, வீங்கிவிட்டது. "நான் இங்கயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டாள். சதாசிவத்துக்கு மனசுக்குள் ஒரு கதவு திறந்து காற்று வந்ததுபோல இருந்தது. அவர் அதை அப்போது கவனிக்கவில்லை. பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது அதுதான்.

கூட்டம் கடலை நோக்கி இரண்டு மைல் நடந்தது. நண்டுதின்னிகளைப் பார்த்தார்கள், அறுபது எழுபது இருக்கும். சதாசிவம் நோட்டில் நானூற்றுப் பதின்மூன்று என்று எழுதினார். ஆனால் அவர் நூறு அடி முன்னால் போனால் அவை நூறு அடி பின்னால் போயின. லென்ஸ் வழியாகப் பார்த்தால் வெயிலில் ஆவி நெளிந்து எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடியது. மூன்று ரோல் எடுத்தார். எல்லாம் வெள்ளைப் பொட்டு என்று அவருக்கே தெரியும். பதினொரு மணிக்குக் கடல் திரும்ப ஏறத் தொடங்கியது. பறவைகள் எழும்பி அவர்கள் தலைக்கு மேலாகக் கரைப்பக்கம் பறந்தன. பின்னாலேயே இவர்களும் வேகமாக நடந்தார்கள்.

மீனாக்ஷி பாறையிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வருவதைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். அதற்குள் நேரம் கடந்திருந்தது. அவளுக்கு இருபதடி தூரத்தில் இருந்த கடைசிப் பறவைகளும் எழும்பிப் போயின.

"என்ன மேடம், கிட்டக்க வந்துதா?" என்று ஸ்ரீவத்ஸன் மூச்சு வாங்கக் கேட்டார்.

"வந்துச்சு சார். ஒரு அம்மாவும் பிள்ளையும்."

"பிள்ளையா?"

"சாம்பல் நிறத்துல ஒண்ணு. அம்மா அளவுக்கு வளந்துட்டு. ஆனா பின்னாலயே கழுத்தைக் குனிச்சிக்கிட்டு, கெஞ்சிக்கிட்டே நடந்துச்சு. அம்மா ரெண்டு தடவை திரும்பிக்கூடப் பாக்கல. மூணாவது தடவை ஒரு நண்டைப் பிடிச்சு, காலெல்லாம் பிச்சுப் போட்டுட்டு, அது வாய்ல கொடுத்துச்சு. நான் எடுத்தேன். ஏழும் ஆயிட்டு."

ஸ்ரீவத்ஸன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொடுத்ததா? வாயில? நீங்க அதை எடுத்தேளா?" பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பறவை ஒண்ணுதான்யா, இவ்வளவு தூரம் பறந்து வந்த பிறகும் குஞ்சுக்கு ஊட்டும். நான் படிச்சிருக்கேன். இருபத்திரண்டு வருஷமா வரேன், ஒரு தடவை பாத்ததில்லை. நம்மள்ல யாரும் பாத்ததில்லை."

மேதா கைதட்டினாள். யாரோ மீனாக்ஷிக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். ஜீப் வரைக்கும் ஸ்ரீவத்ஸனே அவள் கையைப் பிடித்து நடத்திவந்தார். ஸ்டாண்டையும் லென்ஸையும் தூக்கிக்கொண்டு சதாசிவம் கடைசியாக வந்தார். நோட்டு சட்டைப் பையில் இருந்தது. நானூற்றுப் பதின்மூன்று என்ற எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மத்தியானம் லாட்ஜ் அறையில் மீனாக்ஷி குளித்துவிட்டு, துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். பழைய கேமரா கட்டில் மேல் கிடந்தது. படம் முடிந்தால் ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி டப்பாவுக்குள் அனுப்பிவிட்டுத்தான் கேமராவின் பின்கதவைத் திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டு எடுத்த படம் அழிந்துபோகும். அது முதல் நாள் கேமரா பிடிக்கிறவனுக்கும் தெரியும். சுற்றுவதற்காகத்தான் சதாசிவம் கேமராவைக் கையில் எடுத்தார். அடியில் இருக்கும் பொத்தானில் கட்டைவிரல் போனது. அங்கேயே நின்றது.

கீழே முற்றத்தில் மேதாவின் குரல் கேட்டது. "ஆன்ட்டியோட ஃபோட்டோவை ஸ்லைடு ஷோல லாஸ்ட்ல போடலாம் அங்கிள், கிளைமாக்ஸ் மாதிரி!" ஸ்ரீவத்ஸனின் சிரிப்பு கேட்டது. அந்த மனிதர் அப்படிச் சிரித்து அவர் கேட்டதேயில்லை.

சதாசிவம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். சுற்றுகிற கைப்பிடியை மேலே இழுத்தார். பின்கதவு 'டக்' என்று திறந்துகொண்டது. சன்னல் வெயில் ஃபிலிம் மேல் விழுந்தது. மங்கலான, பளபளப்பில்லாத ஒரு பட்டை. அதில் எதுவும் தெரியவில்லை. மூன்று மூச்சு விடும் நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவை மூடினார். அதன் பிறகு, எல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்போல, பொத்தானை அமுக்கி ஃபிலிமைக் கடைசி வரைக்கும் சுற்றினார். பால்கனியில் மீனாக்ஷி துண்டை உதறுகிற சத்தம் கேட்டது.

டெல்லி திரும்பியதும் கன்னாட் பிளேஸில் ஒரு கடையில் ரோல்களைக் கொடுத்தார். பத்து நாள் கழித்து வாங்கப் போனபோது கடைக்காரர் பழைய கேமரா ரோலைத் தனியாக எடுத்துவைத்தார். "பாபுஜி, இதுல பின்கதவு குல் கயா தா, திறந்துபோச்சு. முதல்ல எடுத்தது கொஞ்சம் தப்பிச்சிருக்கு. கடைசியில ஒண்ணும் இல்லை." விளக்குப் பெட்டி மேல் வைத்துக் காட்டினார். கடைசி ஏழும் கண்ணாடித் துண்டுபோல வெறுமையாக இருந்தன. ஓரத்தில் மட்டும் செம்மஞ்சளாக ஒரு கறை.

வீட்டில் மீனாக்ஷி பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த ரோல் போயிட்டு" என்றார். "வெளிச்சம் பட்டிருக்கு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிவப்புப் பேனா கையில் இருந்தது. "அப்பிடியா" என்றாள். பிறகு குனிந்து அடுத்த நோட்டைத் திறந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சின்ன ஹால் ஒன்றை எடுத்து ஸ்லைடு காட்டினார்கள். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். ஸ்ரீவத்ஸனிடம் விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று நாள்தோறும் நினைத்து, நாள்தோறும் தள்ளிப்போட்டு, சதாசிவம் கடைசிவரை சொல்லவில்லை. தன்னுடைய மூன்று ரோலிலிருந்து ஒரு படத்தைக் கொடுத்திருந்தார். அது திரையில் விழுந்தபோது பின்வரிசையில் யாரோ "எங்கே பறவை?" என்று கேட்டார்கள்.

முடிவில் ஸ்ரீவத்ஸன் எழுந்தார். "இப்போ மீனாக்ஷி மேடம். அந்த ஊட்டற படம். மேடம், ஸ்லைடைக் குடுங்கோ."

சதாசிவம் வாயைத் திறப்பதற்குள் மீனாக்ஷி எழுந்துவிட்டாள்.

"மன்னிச்சிருங்க சார். படம் இல்ல. எனக்குக் கேமராவைப் பத்தி என்ன தெரியும்? படம் ஆயிட்டுதான்னு பாக்க நான்தான் பின்னால திறந்துட்டேன். எல்லாம் போயிட்டு."

ஹாலில் 'அச்சோ' என்று ஒரு சத்தம். சிலர் சிரித்தார்கள், அன்பாகத்தான். ஸ்ரீவத்ஸனின் முகம் வாடியது. "போனால் போறது மேடம். நீங்க பாத்தேள் இல்லையா, அது போதும்" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். மணி ஏழு இருக்கும். பஸ் ஒன்று நிற்காமலே போனது.

"ஏன் அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டார்.

"பின்னே எப்பிடிச் சொல்ல? எங்க வீட்டுக்காரர் திறந்தார்னா?"

சதாசிவம் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"துண்டு காயப்போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பால்கனிப் பக்கத்துச் சன்னல் திறந்துதான் கிடந்துச்சு" என்றாள் அவள். "திறந்ததும் கைதவறிட்டுன்னுதான் நெனச்சேன். நீங்க மூடாம பாத்துக்கிட்டே நின்னீங்க பாருங்க, அப்பத்தான் புரிஞ்சுது."

"இத்தனை நாளா ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு." சால்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். "படம் போனதுக்கு நான் அழல. அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் கெஞ்சிச்சு தெரியுமா? அது வாய்ல நண்டு விழுந்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. உடனே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. நீங்க வந்தீங்க. உங்க மூஞ்சியப் பாத்தேன். சார் கேட்டார்னு அவர்கிட்ட சொன்னேன், உங்ககிட்ட சொல்லத் தோணல. அதுக்குத்தான் பிறகு லாட்ஜ்ல அழுதேன்."

அடுத்த பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓக்லாவுக்கு மீனாக்ஷி வரவில்லை. கால் வலி என்றாள். கூட்டம் டீ குடிக்கிற நேரத்தில், பிளாஸ்டிக் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, சதாசிவம் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் கேமராவை அவ திறக்கல. நான்தான் திறந்தேன். தெரிஞ்சேதான் திறந்தேன்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேதா தன் டீயைக் கீழே ஊற்றிவிட்டு, தண்ணீர் ஓரமாக நடந்து போனாள். அதன் பிறகு நாலைந்து மாதம் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்ரீவத்ஸன் மட்டும் கேட்டார்: "எதுக்காக?"

"பதினாறு வருஷமா வாரேன் சார்" என்றார் சதாசிவம். சொன்னதே சிறுபிள்ளைத்தனமாக அவர் காதிலேயே விழுந்தது.

ஸ்ரீவத்ஸன் யமுனைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடுத்த வாரம் மேடத்தைக் கூட்டிண்டு வாங்கோ" என்றார். "அவா வராம நீங்க மட்டும் வரவேண்டாம்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மீனாக்ஷிக்குக் கோபம் வந்தது. இந்த இரண்டு மாதமும் வராத கோபம் அப்போதுதான் வந்தது. கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தாள்.

"நான் ஐம்பது பேருக்கு முன்னால எந்திரிச்சு நின்னு மூடி வச்சதை நீங்க போய்த் திறந்துட்டு வந்தீங்களா? உங்களுக்குக் கேமராவும் சரி, வாயும் சரி, எப்பத் திறக்கணும்னே தெரியாதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினார். அவளுக்கு வரவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை அந்தப் பெரிய லென்ஸ் எனக்கு வேணும்" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே நெஞ்சில் சுருக்கென்றது. அந்த லென்ஸை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. "கனமா இருக்கும்" என்றார்.

"நீங்க தூக்குங்க. நான் பாக்கேன்."

அப்படித்தான் நடந்தது. அந்தக் குளிர்காலம் முடிகிறவரைக்கும் ஸ்டாண்டையும் லென்ஸையும் அவர் சுமந்தார், அவள் எடுத்தாள். அதனால் மனசு திருந்திவிட்டது என்றெல்லாம் இல்லை. அவள் "அதோ" என்று விரலை நீட்டும்போதெல்லாம் அந்த முள் குத்தத்தான் செய்தது. குத்துகிறது என்று தெரிந்துகொண்டே லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

மறு வருஷம் ஜனவரியில் இரண்டு பேர் மட்டும் தனியாக அதே கரைக்குப் போனார்கள். அதே பாறையில் மீனாக்ஷி மூன்று நாள் உட்கார்ந்தாள். நண்டுதின்னிகள் வந்தன. சாம்பல் நிறக் குஞ்சுகளும் இருந்தன. ஆனால் எல்லாம் தாமே நண்டு பிடித்துத் தின்றன. ஒன்றுகூட ஒன்றுக்கும் ஊட்டவில்லை. இரண்டு ரோல் எடுத்தாள். கடைசி நாள் தண்ணீர் காலடிக்கு வந்ததும் கேமராவை அவரிடம் நீட்டினாள்.

"கிடைக்கல" என்றாள்.

சதாசிவம் ஃபிலிமை நிதானமாக முழுசும் சுற்றி, டப்பாவில் போட்டு மூடினார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"உனக்குக் கிடைக்கலன்னதும் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு எனக்கு. இப்பக்கூட."

மீனாக்ஷி புடவை நுனியைப் பிழிந்துகொண்டே அவரைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "உங்க மூஞ்சில தெரிஞ்சுது. எந்திரிங்க, தண்ணி ஏறுது. எனக்குக் கை கொடுங்க."

அவர் கையைக் கொடுத்தார். அவள் எழுந்து நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு இரண்டு பேரும் சேற்றில் கால் புதையப் புதையக் கரையைப் பார்த்து நடந்தார்கள்.